இடைத்தேர்தல் முடிவுகள் யாருக்கு, என்ன சொல்கின்றன?



தமிழகத்தில் ஓர் இடைத்தேர்தல் முடிவு வெளிவந்தால் போதும், அன்று மாலையே இரண்டு விதமான பேச்சுகள் தொடங்கிவிடும். வென்ற கட்சி, "அடுத்த பொதுத்தேர்தலுக்கு இது முன்னோட்டம்" என்று பட்டாசு வெடிக்கும். தோற்ற கட்சி, "பணநாயகம் வென்றது, சனநாயகம் தோற்றது" என்று அறிக்கை விடும். புவனகிரி கடைத்தெருவிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் நம்மிடையே நடப்பது இதே இரண்டு பேச்சுகள்தான்.

இவற்றுள் எது உண்மை? ஓர் இடைத்தேர்தலை வைத்துப் பெரிய கட்சிகளின் எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா? ஐம்பது ஆண்டுகால வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

வருங்காலத்தை முன்னறிவித்த தேர்தல்கள்

முடிவுகள் எதையுமே சொல்வதில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதிய கட்சியைத் தொடங்கினார். ஏழே மாதங்களில், 1973 மே மாதம், திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க. 1971 சட்டமன்றத் தேர்தலில் 184 இடங்களை வென்ற மாபெரும் கட்சி அது. ஆனால் திண்டுக்கல்லில் வென்றவர் அ.தி.மு.க.வின் மாயத்தேவர். காமராசரின் பழைய காங்கிரசு இரண்டாம் இடம் பெற்றது. ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1977-இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார்.

இதேபோன்று 1989-ஐ நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஓர் அணி சேவல் சின்னத்திலும் மற்றோர் அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றது. அந்த ஜனவரித் தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஆனால் இரு அணிகளும் இணைந்து, இரட்டை இலையை மீண்டும் பெற்றவுடன், மார்ச் மாதம் மருங்காபுரி, மதுரை கிழக்கு ஆகிய இரு தொகுதிகளில் நடந்த தேர்தலில் அ.தி.மு.க. வென்றது. அவ்வாண்டு இறுதியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. - காங்கிரசு கூட்டணி தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ அள்ளியது. 1991-இல் ஜெயலலிதா முதலமைச்சரானார்.

இவ்விரு தேர்தல்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் மக்கள் முன்னால் ஒரு தெளிவான கேள்வி இருந்தது. 1973-இல், "தி.மு.க.வின் தொண்டர்கள் எம்.ஜி.ஆர். பின்னால் போவார்களா?" என்பது கேள்வி. 1989-இல், "எம்.ஜி.ஆரின் வாக்கு யாருக்குச் சொந்தம்?" என்பது கேள்வி. மக்கள் தயக்கமின்றிப் பதில் சொன்னார்கள். எனவே அந்தப் பதில் நிலைத்தது.

ஏமாற்றிய வெற்றிகள்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2006 முதல் 2011 வரை தி.மு.க. ஆட்சியில் மதுரை மத்தி தொடங்கி பென்னாகரம் வரை பதினொரு சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. பதினொன்றிலும் ஆளும் கூட்டணியே வென்றது. 2010 மார்ச் மாதம் பென்னாகரத்தில் பா.ம.க. இரண்டாம் இடம் பிடித்தது, அ.தி.மு.க. மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டு, வைப்புத்தொகையையும் இழந்தது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. "அ.தி.மு.க.வின் கதை முடிந்தது" என்று அன்று பேசியவர்கள் பலர்.

பதினான்கு மாதங்கள்கூட முழுதாகக் கடக்கவில்லை. 2011 மே மாதம் அதே அ.தி.மு.க. தனியாகவே 150 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. பதினொன்றுக்குப் பதினொன்று வென்ற தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 23 இடங்களே. 29 இடங்களை வென்ற தே.மு.தி.க.விடம் எதிர்க்கட்சித் தகுதியையும் அது இழந்தது.

இது ஒருமுறை நிகழ்ந்த விபத்தன்று. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக நின்று 40 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார், தி.மு.க. வைப்புத்தொகையை இழந்தது. ஆனால் அவர் தொடங்கிய கட்சி 2019 நாடாளுமன்றத் தேர்தலிலும் 2021 சட்டமன்றத் தேர்தலிலும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. வைப்புத்தொகை இழந்த தி.மு.க. 2021-இல் ஆட்சியைப் பிடித்தது. 2019 அக்டோபரில் நம் அண்டை மாவட்டத்து விக்கிரவாண்டியில் அ.தி.மு.க. 44 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றது. நாங்குநேரியும் அன்று அதன் வசமாயிற்று. 2021-இல் விக்கிரவாண்டி தி.மு.க.வுக்கும் நாங்குநேரி காங்கிரசுக்கும் திரும்பிப் போயின.

அப்படியானால் இடைத்தேர்தலில் வென்றவர் பொதுத்தேர்தலில் தோற்பார் என்பது விதியா? அதுவும் இல்லை. 2011-க்குப் பின் அ.தி.மு.க. இடைத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றது. 2016-இல் ஆட்சியையும் தக்கவைத்துக்கொண்டது.

வட இந்தியாவிலும் இதே கதைதான். 2018 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர், பூல்பூர் தொகுதிகளை பா.ஜ.க. இழந்தபோது, அக்கட்சியின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நாடெங்கும் பேசப்பட்டது. 2019-இல் அம்மாநிலத்தின் 80 இடங்களில் 62-ஐ அக்கட்சி வென்றது. அமெரிக்காவில் அதிபரின் பதவிக்காலத்தின் நடுவில் நடக்கும் தேர்தலில் அவருடைய கட்சி இடங்களை இழப்பது வழக்கம். 2010-இல் ஒபாமாவின் கட்சி மக்கள் பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களை இழந்தது. ஆனால் 2012-இல் ஒபாமாவே மீண்டும் அதிபரானார்.

வாக்காளரின் கணக்கு

அமெரிக்க வாக்காளர் இடையில் வரும் தேர்தலை ஆட்சியாளரைக் கண்டிக்கும் வாய்ப்பாகப் பயன்படுத்துகிறார். தமிழக வாக்காளரோ பெரும்பாலும் ஆளுங்கட்சியையே வெற்றிபெறச் செய்கிறார். ஏன்? பணம் மட்டுமே காரணம் என்று சொல்வது நம் மக்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஒரு தொகுதியின் முடிவால் ஆட்சி மாறப்போவதில்லை என்பதை மக்கள் அறிவார்கள். "மீதமுள்ள காலத்திற்கு ஆளுங்கட்சிக்காரர் எம்.எல்.ஏ.வாக இருந்தால் நம் ஊருக்குச் சாலையாவது வரும், தண்ணீராவது வரும்" என்று அவர்கள் போடும் கணக்கில் நியாயம் உண்டு. நம் புவனகிரித் தொகுதி 2016-இல் தி.மு.க.வையும், 2021-இல் அ.தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது. இரண்டு முறையும் ஆட்சி அமைத்தது எதிர் அணி. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வை வைத்துக்கொண்டு ஓர் ஊர் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மக்களின் தெளிவுக்கு 2019 மே மாதம் வெளியான முடிவுகளே சான்று. நாடாளுமன்றத் தேர்தலோடு 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. அவற்றுள் 18 தொகுதிகளில் ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு வாக்குகள். நாடாளுமன்றத்திற்குத் தேர்தல் நடந்த 38 இடங்களில் தி.மு.க. கூட்டணிக்கு 37 கிடைத்தன. ஆனால் 22 சட்டமன்றத் தொகுதிகளில் அ.தி.மு.க.வுக்கு ஒன்பது கொடுத்து, எடப்பாடி பழனிசாமியின் ஆட்சி கவிழாமல் பார்த்துக்கொண்டார்கள் மக்கள். தில்லிக்கு ஒரு தீர்ப்பு, சென்னைக்கு வேறொரு தீர்ப்பு!

போட்டியிலிருந்து விலகும் கட்சிகள்

பெரிய கட்சிகள் இடைத்தேர்தலைப் புறக்கணிப்பதும் நமக்குப் புதிதன்று. 2009 ஆகஸ்டில் ஐந்து தொகுதிகளை அ.தி.மு.க. புறக்கணித்தது. 2012-இல் புதுக்கோட்டையை தி.மு.க. புறக்கணித்தது. இரு கட்சிகளும் பின்னர் மீண்டெழுந்தன. எனவே, ஒரு தேர்தலில் நிற்காததால் மட்டும் ஒரு கட்சி அழிந்துவிடுவதில்லை.

ஆயினும் காலியாக விடப்பட்ட இடத்தில் வேறொருவர் வந்து நிற்பார். 2024 ஜூலையில் விக்கிரவாண்டியில் அ.தி.மு.க. நிற்கவில்லை; 82 விழுக்காட்டிற்கும் மேல் வாக்குகள் பதிவாயின; தி.மு.க. 67 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வேறுபாட்டில் வென்றது, பா.ம.க. இரண்டாம் இடம் பெற்றது. 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் அ.தி.மு.க., பா.ஜ.க. இரண்டும் ஒதுங்கின. 2023 இடைத்தேர்தலில் அங்கு ஏறத்தாழ 10 ஆயிரம் வாக்குகள் பெற்றிருந்த நாம் தமிழர் கட்சி, இம்முறை 24 ஆயிரம் பெற்றது. அப்போதும் வைப்புத்தொகை கிடைக்கவில்லை. ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் 'நோட்டா'வை அழுத்தினார்கள். வெற்றி வேறுபாட்டைவிட, இரண்டாம் இடம் யாருக்குப் போனது, வழக்கமான வாக்கு எங்கே சிதறியது என்பவையே கட்சிகள் ஆராய வேண்டிய செய்திகள்.

பணம் யாரை ஏமாற்றுகிறது?

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் தமிழக அரசியலில் நிலைபெற்றுவிட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரில் நடக்கவிருந்த தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே நிறுத்தியது. ஒரே ஒரு தொகுதி, இரண்டு அல்லது மூன்று இலட்சம் வாக்காளர்கள், அமைச்சர்கள் அத்தனை பேரும் அங்கேயே முகாம் என்றால், வீட்டுக்கு வீடு கணக்கெடுத்துக் கொடுப்பது எளிதாகிவிடுகிறது.

பணம் வாங்கியவர்தான் ஏமாந்தார் என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். கொடுத்தவரும் ஏமாறுகிறார் என்பதை 2011 காட்டியது. 2008 முதல் மின்வெட்டு மக்களை வாட்டியது. நெசவாளர்கள், சிறுதொழில் செய்வோர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என யாவரும் துன்புற்றனர். விலைவாசியும் ஏறியது. மக்களின் இந்தக் கோபம் இடைத்தேர்தல் முடிவுகளில் தெரிந்திருந்தால், ஆட்சியாளர்கள் விழித்துக்கொண்டு திருந்தியிருக்கக்கூடும். பதினொரு வெற்றிகளும், "எல்லாம் நன்றாகவே இருக்கிறது" என்றுதான் அவர்களுக்குச் சொல்லின. நோயாளியின் உடல்வெப்பத்தைக் கணக்கிடும் கருவியைக் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று மகிழ்வதைப் போன்றது இது.

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பேச வாய்ப்புள்ள ஏழை எளியவருக்கு, இடையில் கிடைக்கும் அரிய வாய்ப்பு இடைத்தேர்தல். அதில் அவருடைய குரலைப் பணத்தாள்களால் மூடிவிட்டால், அவருடைய துன்பம் யாருடைய செவிக்கும் எட்டுவதில்லை. பெரிய கட்சிகளின் எதிர்காலத்தைவிட நாம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

நாம் செய்யக்கூடியது

ஒரு சட்டமன்றத் தொகுதி காலியானால் ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும். அவையின் எஞ்சிய ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே நம் பகுதிக்கும் அத்தகைய நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்தத் தேர்தலில் நம் முன் வைக்கப்பட்டுள்ள உண்மையான கேள்வி என்ன? முக்கியக் கட்சிகள் அனைத்தும் களத்தில் உள்ளனவா? மக்கள் அச்சமும் ஆசையுமின்றி வாக்களிக்கிறார்களா? இம்மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அந்த முடிவை நம்பலாம். இல்லையெனில், வென்றவரின் பட்டாசு ஒலியையும் தோற்றவரின் அறிக்கையையும் அளவோடு கேட்டுக்கொள்வோம்.

வாக்குக்குப் பணம் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி என்கிறது நம் நாட்டுச் சட்டம். தம் வாக்கைப் பொதுநலனுக்காகச் சுதந்திரமாகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே நமக்கு நினைவூட்டியது. யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சான்றின் முடிவு. அதைச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் அந்த முடிவு நம்முடையதாகவே இருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் கவர் கொடுத்துவிட்டுப் போகிறவருடையதாக இருக்கக் கூடாது.

கட்சிகள் எழும், விழும், மீண்டும் எழும். நம் ஊரின் குடிநீரும் சாலையும், பிள்ளைகளின் படிப்பும் நம்மோடு என்றும் இருப்பவை. அவற்றுக்காக நாம் அளிக்கும் வாக்கு நம் உண்மை நிலையை எடுத்துச் சொல்லட்டும்.

சிந்திப்போம், தெளிவோடு வாக்களிப்போம்.