துணியின் ஊரை மறந்த வியாபாரி



அண்மையில் ஓர் அலுவலாக வேலணைப் பக்கம் போயிருந்தேன். அப்படியே சாட்டியில் வாப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரையும் பார்த்து வந்தேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டி, பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பகுதிக்குப் போய், தவணைக்குப் புடவை கொடுத்து வந்தவர் வாப்பா.

அந்த அம்மா தேநீர் தந்துவிட்டு, ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கைத்தறிச் சேலையை எடுத்தார். "இது உங்கட வாப்பாட்ட எடுத்தது தம்பி. மருதமுனைச் சேலை எண்டு சொல்லித் தந்தவர். மூத்தவளின்ர கலியாணத்துக்கும் இதைத்தான் உடுத்தனான்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் கடையும் வீடும் அப்படியே நின்றன. உம்மாவின் கலியாணச் சேலையும் மூத்தவாப்பாவின் சாரங்களும் பெட்டகத்தோடு போயின. யுத்தத்தில் அந்த அம்மாவின் குடும்பமும் இடம்பெயர்ந்ததுதான். ஆனால் அந்தச் சேலை அவரோடு போய், அவரோடு திரும்பியிருக்கிறது. வாப்பா விற்ற துணிகளில் இன்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே என் கடைக்குக் கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சாரம் பார்த்தது. "இது எந்த ஊர் நெசவு?" என்று கேட்டார்கள். "கொழும்பில் மொத்தமாக எடுத்தது" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. சாரத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாப்பாவின் வியாபாரம் நாற்பது வருடத்தின் பின்னும் ஊர்ப் பெயரோடு நினைவில் நிற்கிறது. என்னுடையது நாலு நாளுக்கும் நிற்காது.

ஊர்ப் பெயரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாம் விற்கும் 'பாலயகாட்' சாரத்தையே எடுங்கள். அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. 1613இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய துறைமுகம் அது. அங்கிருந்து தென்கிழக்காசிய நாடுகளுக்குத் துணி கப்பலேறியது. அதே ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். லெய்டன், ஹார்லெம் எல்லாம் மறைந்துவிட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் நிலைத்தது. பழவேற்காட்டின் துறைமுகப் பெருமையும் போய்விட்டது. ஆனால் சாரத்தில் அதன் பெயர் இன்றும் வாழ்கிறது.

துணி ஒரு குடும்பத்தின் அடையாளமாக, அதை அவர்களே நெய்திருக்க வேண்டும் என்பதுமில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் நெசவாளர்கள் அல்லர். சென்னைப் பக்கத்தில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணியை வாங்கி 'இன்ஜிரி' என்று பெயரிட்டார்கள். அதில் சில இழைகளை வெட்டி உருவித் தங்களுக்கென்று புதுக் கோலம் எடுத்தார்கள். பரம்பரைப் பெட்டிகளில் அவற்றைப் பாதுகாத்து, வீட்டில் மூத்தவர் இறந்தால் அந்தத் துணிகளால் கட்டிலை அலங்கரிக்கிறார்கள். எங்கோ நெய்த துணி இப்படி ஒரு குடும்பச் சொத்தாவதற்கு இடையில் நின்றவன் யார்? வியாபாரிதான்.

"வாடிக்கையாளர் விலையைத்தானே கேட்கிறார்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் விலைப் போட்டியில் பெரிய முதல் உள்ளவனைச் சிறு கடைக்காரன் ஒருநாளும் வெல்ல முடியாது. நம்மிடம் இருப்பது சரக்கைப் பற்றிய அறிவும் வாக்கு நாணயமும்தான். பெயருக்கு மதிப்பில்லை என்றால், 2022இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு எதற்குப் பெற்றார்கள்?

நாம் செய்யக்கூடியது மூன்று. சரக்கு எடுக்கும்போது நெய்த ஊரைக் கேட்டு, நம் பில்லிலும் எழுதுவோம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கவே வேண்டாம். குறையை மறைத்து விற்றால் பரகத்தும் போகும், பெயரும் போகும். மூன்றாவது, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை வெட்டி, ஊரும் வருடமும் எழுதி ஒரு கொப்பியில் ஒட்டி வைப்போம். நம் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு முதல்.

மருதமுனை நம் சமூகத்தின் நெசவு ஊர். 2004 சுனாமியில் அடிபட்டு எழுந்த ஊர். இப்போது என் கடையில் மருதமுனைச் சாரத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். அது பெரிய விற்பனை இல்லை. ஆனால் யார் கேட்டாலும் ஊரைச் சொல்லித்தான் கொடுக்கிறேன், வாப்பா கொடுத்ததுபோல.