தீயணைக்கும் படிப்பு யாருக்கு?

தோழர்களே! "தீப்பிடித்தால் பொம்பாவைக் கூப்பிடு, உனக்கெதற்கு அந்தப் படிப்பு?" என்கிறார்கள் தோட்டத்து மேலிடத்தார். நாம் திருப்பிக் கேட்கிறோம்: பட்டணத்திலிருந்து செம்மண் சடக்கில் பொம்பா வண்டி வந்து சேரும்வரை தீ காத்து நிற்குமா?

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று ஊன்றினார்கள். அதன்பின் இந்தப் பேராக்கில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவர் யார்? நம்மவர்தாம்! சூடு 60 டிகிரியைத் தாண்டவிடாமல் இரவெல்லாம் விறகடுப்பைக் காத்தவர்கள். கம்பிலிருந்து ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழுந்தால் கொட்டகையே போய்விடும். எரியும் ரப்பர் உருகிச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் பற்றும். இது நமக்குக் கைப்பழக்கம். ஆனால் எரியும் டீசலில் தண்ணீர் ஊற்றலாகாது, மின்சாரம் ஓடும் மோட்டாரிலும் ஊற்றலாகாது என்பது கைப்பழக்கத்தில் வருமா? படித்துத்தான் வரவேண்டும். சுவரில் தொங்கும் சிவப்புச் சிலிண்டரின் ஊசி பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் தோட்டத்துக்கு எத்தனை பேர்? கிராணிமாராகிய நம்மையுந்தான் கேட்கிறோம்! ஸ்டோர்ச் சாவி நம் கையில். டீசல் கணக்கு நம் பேரேட்டில்.

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து எரிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நூறு பேருக்கு மேல் காயம். 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. தோட்டமும் அதற்குள் அடக்கம். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காக நம்மிடம் ஒரு காசும் பிடிக்கக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. நாற்பது பேர் வேலை செய்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். 2024 ஜூன் 1 முதல், பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கட்டாயமில்லாத இடத்திலும், ஐந்து பேர் இருந்தாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே!

அந்த இடத்தில் மானேஜருக்கு வேண்டியவர் பெயரை எழுதிவிட்டால் தீர்ந்ததா? ஒருங்கிணைப்பாளர் தொழிலாளியாக இருந்தால் என்ன குறை? பாட்டன் மரம் வெட்டினார், அப்பன் மரம் வெட்டினார். தோட்டம் துண்டாடப்பட்டபோது வெறுங்கையோடு வெளியேறினார்கள். இன்று தோட்டம் வீடமைப்புக்கு விலை போனால் பால்வெட்டும் கத்திக்கு ஈப்போவில் வேலையில்லை. பாதுகாப்புப் படிப்பின் சான்றிதழோ தொழிற்சாலையிலும் செல்லும், ஓட்டலிலும் செல்லும்.

"சர்ட்டிபிகேட் வாங்கி முதலாளி சொத்தைக் காப்பதா?" என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். லயத்தில் உறங்கும் பிள்ளைகள் யார் சொத்து?

வகுப்பு வேலை நேரத்தில், அன்றைய சம்பளத்தோடு நடக்கவேண்டும். தமிழில் நடக்கவேண்டும், வங்காளத்து, நேப்பாளத் தோழர்களுக்கு அவரவர் மொழியில் நடக்கவேண்டும். தேறியவருக்குப் படி உயர்வு, அடுத்த ஒப்பந்தத்திலேயே!

கிளைக் கூட்டத்துக்கு வருவோர், படிக்க விரும்புவோர் பெயர்களை எழுதிக் கொண்டுவாருங்கள்; பெண்கள் பெயரும் இருக்கட்டும். பட்டியல் செயலாளர் கையெழுத்தோடு மானேஜர் மேசைக்குப் போகும். பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் ஈப்போவிலுள்ள பாதுகாப்பு இலாகாவுக்கு.