முகாம் நடத்தியது போதும்

புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. கல்யாண மண்டபத்து மேடையில் 'டிஜிட்டல் விழிப்புணர்வு முகாம்' என்று பிளெக்ஸ் பேனர். எதிரே நூறு பெண்கள், பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, சிறப்புரை. எல்லார் மடியிலும் செல்போன் இருந்தது. அதை எடுத்து இயக்கிப் பாருங்கள் என்று மேடையிலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு சாதப் பொட்டலம் கொடுத்தார்கள், குழுப்படம் எடுத்தார்கள், முகாம் முடிந்தது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்கள் வீட்டுக்குப் போய் பேத்தியிடம் போனை நீட்டி, "மெசேஜ் ஏதோ வந்திருக்கு, என்னன்னு பாரு" என்று கேட்டிருப்பார்கள்.

நாம் பார்த்த ஒரு முகாம் இது. ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். வரும் மாதங்களிலும் சைபர் மோசடி, முதலுதவி, வங்கிச் சேவை, தையல் என்று பெரியவர்களுக்கான பயிற்சிகள் மாவட்டந்தோறும் அறிவிக்கப்படும். அவற்றை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. இந்த முறையில் நடத்துவதானால் நடத்தாமலே இருக்கலாம் என்கிறோம்.

தேவை சிறியதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பெண்களில் 73. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இன்று தடுமாறுகிறார்கள். பணம் எடுக்கும் படிவத்தையும் பேனாவையும் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, "தம்பி, இத கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் குடுப்பா" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அதே பெரியவர் ஏடிஎம் கார்டை நீட்டி, ரகசிய எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். பட்டா, வாரிசுச் சான்று, ஓய்வூதியம், உரிமைத் தொகை எல்லாமே போன் திரைக்குள் போய்விட்டன. அதே திரைக்குள் திருடனும் வந்துவிட்டான். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் வேண்டும். இந்த ஒரு வரி கைப்பழக்கத்தில் படிந்திருந்தால் எத்தனையோ பேர் சேமிப்பை இழந்திருக்க மாட்டார்கள். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் மேடையில் ஒருமுறை சொன்னால் காதில் விழும். விரலுக்குப் போய்ச் சேராது.

விரலுக்குச் சேர்க்கத் தெரிந்த மாநிலம்தான் இது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வேலை முடித்து, உலை வைத்து இறக்கிவிட்டு வரும் பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர்கள் அதே ஊர்ப் பிள்ளைகள், சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்த இயக்கம் அகர வரிசையோடு நிற்காமல் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் மாவட்டம் முழுக்கச் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதைப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருந்தார்: பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்களாம், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். பாடத்திட்டம் எழுதும் எந்த அதிகாரிக்கும் இது தோன்றியிருக்காது. கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தங்கள் தேவை தெரிந்திருந்தது; இயக்கமும் அவர்களைக் கேட்டது.

சைக்கிளை யாரும் சிறப்புரையில் கற்றதில்லை. பின்சீட்டைப் பிடித்தபடி ஒருவர் கூடவே ஓடிவர வேண்டும். விழுந்தால் சிரிக்காத மனிதராகவும் இருக்க வேண்டும். போனும் அப்படித்தான். பத்துப் பேருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் போனிலேயே, ஆறேழு வாரம் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் பயிற்சி.

எங்கே நடத்துவது? இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது, அன்றுதான் உழைக்கிறவர்களுக்கும் ஓய்வு. பயிற்சியை ஞாயிறு பிற்பகலுக்கோ மாலை ஆறு மணிக்கோ வைக்க எந்த அரசாணையும் தடையாக இல்லை. ஆனாலும் நம் முகாம்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் நடக்கின்றன. அது நடத்துகிறவர்களுக்கு வசதியான நேரம், அவ்வளவுதான்.

நூலகம் புத்தகத்துக்கு மட்டுமானது என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. 1948-இல் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். மக்கள் தேடி வராவிட்டால் மக்களிடம் போ என்பதுதான் அந்தத் தலைமுறையின் போக்கு. நூலகத்தின் கதவுக்குள் வரக் கூசுகிற ஐம்பது வயதுப் பெண்மணியைப் போன் பயிற்சி உள்ளே அழைத்து வந்தால், அங்கிருக்கும் வார இதழையும் அவர் புரட்டத்தானே போகிறார்?

ஆள் எங்கே என்று நூலகர்கள் கேட்பார்கள். நியாயம்தான். பல நூலகங்களில் பூட்டுத் திறப்பவர், பதிவேடு எழுதுபவர், கூட்டுபவர் எல்லாம் ஒருவரே. அவர் தலையில் இதையும் ஏற்றச் சொல்லவில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் கணிசமான நேரம் மரக்கன்று நடுவதிலும் பேரணியிலும் போகிறது. அதிலிருந்து இருபது மணி நேரம் நூலகத்துக்கு வரட்டும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், செவிலியர்கள், தபால்காரர்கள் எந்த ஊரில் இல்லை? கூப்பிட்டால் வருவார்கள். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். இருக்கிறது. பங்குச் சந்தையில் பத்தே நாளில் பணத்தை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறவனும் அங்கேதான் இருக்கிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரிடம் போய்த் தேடிப் படித்துக்கொள் என்பது கைகழுவும் வேலை.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். தமிழகத்தில் சொத்து வரியோடு அதில் பத்து விழுக்காடு நூலக வரியாகவும் வசூலிக்கப்படுகிறது. உள்ளாட்சிகள் அதை வசூலித்துக்கொண்டு நூலகத் துறைக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பதும் பழைய கதை. அந்தப் பாக்கியை முதலில் கட்ட வேண்டும். கட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கைப் பெரியவர்களுக்கான பயிற்சிக்கென்று ஒதுக்க வேண்டும். பேனருக்கும் பொன்னாடைக்கும் அதில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குப் பதில், முதல் வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் ஆறாவது வாரமும் வந்தார்கள் என்று கணக்கெடுத்தால் போதும். பயிற்சி எப்படி நடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். வீட்டில் இருக்கும் சொத்து வரி ரசீதை எடுத்து, நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்கு அந்த ரசீதோடு போய், நம் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைப் பயிற்சி எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.