இத்தாலியில் வழிகாட்டி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

இத்தாலிக்குப் போனால் ஊருக்கு ஊர் வழிகாட்டி வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. வரைபடம் போதும், மற்றதெல்லாம் தண்டச் செலவு என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே யோசித்துப் பேசவில்லை.

ரோமன் ஃபோரத்தில் உடைந்த தூண்களும் சரிந்த சுவர்களும்தான் கண்ணில் படும். செனட் கூடியது எங்கே, கோயில் எது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம். அங்கே தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

வெனிஸில் எதற்கு? சந்து சந்தாக வழி தவறி நடப்பதுதானே அந்த ஊரின் சுகம்! கொடி பிடித்தவர் பின்னால் ஐம்பது பேர் பாலத்தை அடைத்து நின்றால், காய்கறிப் பையோடு வரும் உள்ளூர்க்காரர் எப்படிப் போவார்? பொறுத்துப் பார்த்த நகராட்சி, குழுவுக்கு 25 பேர்தான், ஒலிபெருக்கி கூடாது என்று 2024-இல் விதி போட்டது.

'இலவச' நடைச் சுற்று என்று விளம்பரம் செய்வார்களே, அதிலும் ஏமாற வேண்டாம். முடிவில் டிப்ஸ் கொடுத்தாக வேண்டிய நிலை வரும். உண்மையான இலவசம் ரோமின் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கிறது: கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை.

எல்லா ஊருக்கும் மொத்தமாகப் பணம் கட்டும் முன், எந்த இடத்துக்கு விளக்கம் தேவை என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் செலவு அங்கேயே குறையும்.