மணியார்டர் பாரமும் தேச ஐக்கியமும்

தேசம் ஒன்றாக நிலைக்க வேண்டுமானால் பாஷையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று சொல்பவர்களுக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை. அவர்களில் பெரும்பாலோர் மெய்யான தேசபக்தர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பக்தியின் வேகத்திலேயே அவர்கள் தேசத்தின் அஸ்திவாரத்தைத் தோண்டிவிடுகிறார்கள் என்பதே என் கட்சி.

பாகிஸ்தான் பிறந்து ஆறு மாதமே ஆகியிருந்த சமயம், 1948 பிப்ரவரி 25-ஆம் தேதி, கராச்சியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் கிழக்கு வங்காளத்துப் பிரதிநிதி தீரேந்திரநாத் தத்தா எழுந்து, உருதுவோடும் ஆங்கிலத்தோடும் வங்க மொழிக்கும் சபையில் இடம் வேண்டும் என்றார். சித்தாந்தம் எதையும் அவர் விரித்துரைக்கவில்லை. டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப விரும்பும் ஓர் ஏழைக் குடியானவன், கிராமத்துத் தபாலாபீசில் மணியார்டர் பாரம் கேட்டால், உருதுவில் அச்சிட்ட காகிதம் கிடைக்கிறது; அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரிந்துகொள்ள அவன் தூரத்துப் பட்டணத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றார். அந்தக் குடியானவனின் பாஷையைப் பேசியவர்கள் தேசத்து ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கேட்டது சலுகையா நியாயமா என்பது விளங்கும். பிரதமர் லியாகத் அலி கானுக்கோ அதில் ஜனங்களைப் பிளக்கும் நோக்கம் தென்பட்டது, திருத்தம் தோற்றது. மறு மாதம் 21-ஆம் தேதி, டாக்காவின் குதிரைப் பந்தய மைதானத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன்னால், கவர்னர் ஜெனரல் ஜின்னா, ராஜ்ய பாஷை உருது ஒன்றே என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தார்.

1952 பிப்ரவரி 21-இல் அதே நகரத்தில் வங்க மொழிக்காகக் கிளர்ந்த மாணவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 1956-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் உருது, வங்கம் இரண்டையும் ஏற்றதே, அப்படியும் 1971-இல் தேசம் பிளந்ததே என்று கேட்பார்கள். பிளவுக்குப் பணமும் ராணுவமும் தேர்தலும் காரணங்களாயின என்பது உண்மைதான். ஆயினும், உயிர்ப்பலிக்குப் பிறகு கொடுக்கப்படும் உரிமையை உரிமையாக எண்ணி நன்றி பாராட்டும் சுபாவம் எந்த ஜனத்துக்கும் கிடையாது.

தத்தா சபையில் எழுந்து பேசியதற்குச் சரியாகப் பத்து வருஷங்களுக்கு முன், ஐரோப்பாவில் வேறொரு காட்சி. முசோலினியின் இத்தாலியில், ஸ்விட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் வழங்கும் ரோமான்ஷ் மொழி இத்தாலியனின் கிளைமொழியே என்றும், ஆகவே அந்தப் பூமியும் தங்களதே என்றும் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. நம்முடைய ஒருமொழிவாதிகளின் தர்க்கப்படி, ஆபத்து வாசலில் நிற்கையில் ஸ்விஸ்காரர்கள் பெரும்பான்மையினரின் ஜெர்மனை எல்லோர் தலையிலும் கட்டியிருக்க வேண்டும். அவர்களோ, ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவரே பேசும் அந்த ரோமான்ஷை, 1938 பிப்ரவரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். தன் பேச்சைத் தேசமே தன்னதென்று கையெழுத்திட்ட பிறகு, அந்த மலைவாசி எதற்காக எல்லைக்கு அப்பால் எட்டிப் பார்ப்பான்? இன்றும் அவர்களுடைய நோட்டில் நான்கு மொழிகள் இருக்கின்றன. நாணயத்திலோ, யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று, யாருக்கும் தாய்மொழியல்லாத லத்தீனைப் பொறித்துவிட்டார்கள். பணத்தைப் புழங்கவிடுவதில் கெட்டிக்காரர்கள், மனத்தையும் அறிந்திருக்கிறார்கள்!

பொதுமொழியே வேண்டாமா என்றால், வேண்டியதுதான். இந்தோனேசிய இளைஞர்கள் 1928-இல் அதைத் தேடியபோது, அங்கே மிகப் பெரிய இனத்தாரின் ஜாவானியத்தை விட்டு, துறைமுகங்களில் எல்லோரும் பழகிய மலாயைத் தேர்ந்தார்கள். பெரியவன் விட்டுக்கொடுத்ததால் சிறியவன் சந்தேகப்படவில்லை.

தத்தா பிரிவினைவாதியாக அன்று எழுந்தவரல்லர். தம் தேசத்தின் சபையில், தம் தேசத்தின் பாரத்தைத் தம் ஜனங்கள் படிக்க வேண்டுமென்று கேட்டவர். 1971 மார்ச்சில், 84-ஆம் வயதில், பாகிஸ்தான் ராணுவம் அவரைக் கொமில்லாவில் வீட்டிலிருந்து கொண்டுபோயிற்று, அவர் திரும்பவில்லை. அவ்வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி அந்த ராணுவத்தின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான இடம், ஜின்னா பேசிய அதே குதிரைப் பந்தய மைதானம்.