அளவைச் சொல்லுங்கள், பிழையையும் சொல்லுங்கள்

வீட்டுக்கு வந்த விருந்தாளி மொட்டை மாடியில் கிடக்கும் மர பெஞ்சைத் தட்டிப் பார்க்கிறார். “எங்க வாங்குனீங்க?” “வாங்கல, நாங்களே செஞ்சது.” “அப்படியா! எவ்வளவு ஆச்சு?” விலையைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பலகை என்ன கனம், எத்தனை இன்ச் ஸ்க்ரூ, கால் ஆடாமல் நிற்க என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. செய்தவரும் சொல்வதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டி அவர் கற்றுக்கொண்டது அவரோடேயே நின்றுவிடுகிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் அதே பெஞ்சை முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் பலகையைப் பிளந்துவிட்டு, அலுத்துப்போய் கடைக்குக் கிளம்புகிறார்.

கோழிக்கூடு, மாடித் தோட்டத்துப் பந்தல், துணி காயப்போடும் ஸ்டாண்டு, பழைய டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பு என்று வீடுகளில் கைவேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. முடிந்ததும் கைபேசியில் படம் எடுத்து உறவினர் குழுவில் போடுகிறார்கள், பாராட்டு வருகிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே பொருளைச் செய்ய முடியுமா? முடியாது. அளவு இருந்தால்தான் முடியும். முதல் முறை எங்கே தப்பானது என்று தெரிந்தால் இன்னும் சுலபமாக முடியும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத்தான் பகிர்வு என்று சொல்ல வேண்டும்.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-ல் இதைச் செய்தார். மேசை, நாற்காலி, பெஞ்சு, அலமாரி, கட்டில் என்று 19 சாமான்களுக்கு வரைபடம் போட்டார். மரக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இருந்தால் போதும். தபால் செலவை அனுப்பியவர்களுக்கு வரைபடம் வீடு தேடி வந்தது. தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தவிர யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். செய்து முடித்தவர்கள், தாங்கள் மாற்றிச் செய்தது இருந்தால் அதையும் சேர்த்து, புகைப்படம் எடுத்துத் தனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். ஒரு மேசையைத் தானே அடித்துப் பார்த்தவருக்குத்தான் நல்ல மேசைக்கும் மோசமான மேசைக்கும் வித்தியாசம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த வரைபடங்கள் பெர்லினில் மறுபடி உயிர்பெற்றன. மாலி, நைஜர் நாடுகளிலிருந்து லாம்பெடூசா தீவு வழியாக வந்து சேர்ந்த இளம் அகதிகள், ‘குகுலா’ என்ற அமைப்பின் பட்டறையில் மாரியின் நாற்காலிகளைச் செய்யத் தொடங்கினார்கள். விற்பதற்கும் மாரியே அனுமதி கொடுத்தார். அகதிப் படகுகளின் மரத்துண்டுகளைச் சில நாற்காலிகளில் வைத்துப் பொருத்தினார்கள். அளவோடு எழுதிவைத்த ஒரு தாள், மொழியும் தேசமும் தெரியாத பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது.

மாரியின் மேசைகளை உற்றுப் பார்த்தால் கால்களுக்கு நடுவே சாய்வாக அடித்த பலகைகள் தெரியும். அந்தச் சாய்வு, ஆடாமல் நிற்கும் முக்கோணத்தை உண்டாக்குகிறது. நம் நாட்டில் இதே பாடத்தை அரவிந்த் குப்தா தீக்குச்சியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கான்பூர் ஐஐடியில் படித்த அவர், 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனபோது, சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம். விரலால் அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சி சேர்ந்தால் சதுரம். லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். அவருடைய பொம்மைகளின் செய்முறைகளும் புத்தகங்களும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கின்றன. தமிழிலும் வந்திருக்கின்றன.

வீட்டில் செய்த அலமாரி ஏன் ஆடுகிறது என்ற கேள்விக்கு விடை அந்த நான்கு தீக்குச்சிகளில் இருக்கிறது. அலமாரியும் ஒரு சதுரம்தான். இன்னும் நாலு ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றினாலும் ஆட்டம் போகாது. பின்பக்கம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு பட்டிக் கட்டையை அடித்தால் போதும், நின்றுவிடும். ஆசாரிகளுக்கு இது கைப்பாடம். கொத்தனார்களும் இதே வடிவத்தை வேறு விதத்தில் பயன்படுத்துகிறார்கள்: மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே நூல் பிடித்து 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். சொல்லாமல் விட்டால் அடுத்தவருக்கு ஒரு நாள் வேலை வீண்.

பிழையைச் சொல்வதால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொரோனா காலம் ஓர் எடுத்துக்காட்டு தந்தது. 2020-ல் அமெரிக்காவில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கு விலை அதிகம். காற்றுத் தரத்தை ஆராயும் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் கோர்ஸி, பெட்டி மின்விசிறியோடு பல வடிகட்டிகளை இணைக்கலாம் என்ற யோசனையைப் பொதுவில் சொன்னார். டெக்சாஸில் வடிகட்டி தயாரிக்கும் நிறுவனத்தை நடத்திய ஜிம் ரோசன்தால் அதைச் செய்து பார்த்தார். நான்கைந்து சதுர வடிகட்டிகளைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே காற்று வெளியே போகும்படி மின்விசிறியைப் படுக்கவைத்து, இடைவெளிகளை டேப்பால் ஒட்டினால் கருவி தயார். அதற்குக் ‘கோர்ஸி-ரோசன்தால் பெட்டி’ என்று பெயர் நிலைத்தது. காப்புரிமை எதுவும் குறுக்கே வரவில்லை.

வீட்டில் செய்து பார்த்தவர்கள் ஒரு குறையைக் கண்டார்கள். மின்விசிறியின் முகம் சதுரம்; இறக்கை சுற்றுவது வட்டம். அதனால் நான்கு மூலைகளிலும் காற்று வெளியே போகாமல் உள்ளே திரும்பி வந்தது. அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி மின்விசிறியின் முகத்தில் ஒட்டி மூலைகளை அடைத்ததும் வெளிவரும் காற்றின் அளவு கூடியது. செலவு ஓர் அட்டைத் துண்டு மட்டும். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, கடைக் கருவிகளின் விலையில் சிறு பங்குக்கே இந்தப் பெட்டி அவற்றுக்கு ஈடாகக் காற்றைச் சுத்தம் செய்தது தெரிந்தது. வகுப்பறைகளுக்காக மாணவர்களே உட்கார்ந்து செய்தார்கள். காட்டுத்தீப் புகை சூழ்ந்தபோதும் வீடுகளில் இதுதான் ஓடியது. “என்னுடையதில் மூலையில் காற்று திரும்புகிறது” என்று வெட்கப்படாமல் சொன்னவர்களால்தான் அந்தப் பெட்டி மேம்பட்டது.

நெருக்கடி வந்தால் மக்கள் தாமாகவே பகிர்ந்துகொள்வார்கள் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் கை எட்டாத விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியை நிறுத்தினார்கள். போத்தல் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அந்தச் சிறு சுடரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இந்த நுட்பங்கள் வீட்டுக்கு வீடு, ஒழுங்கைக்கு ஒழுங்கை பரவின. கண்டுபிடித்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதே காலத்தில் கியூபாவும் தவித்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து உதவிகள் நின்றுபோனபோது, மக்கள் கைவசம் வைத்திருந்த நுட்பங்களைத் திரட்டி 1992-ல் ஒரு புத்தகமாகவே அச்சிட்டார்கள். ‘எங்கள் சொந்த முயற்சியால்’ என்று பொருள்படும் தலைப்பு. சோவியத் சலவை இயந்திரத்தின் மோட்டாரில் மின்விசிறி, அலுமினியச் சாப்பாட்டுத் தட்டில் தொலைக்காட்சி ஆன்டெனா என்று அந்த நாட்டு வீடுகளில் உருவானவற்றை எர்னஸ்டோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேகரித்தார். எழுதிவைத்ததால் கியூபாவின் அனுபவத்தை இன்று வேறு நாட்டார் படிக்க முடிகிறது.

பஞ்சம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே லாரி பேக்கர் இருந்தார். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த இந்தக் கட்டிடக் கலைஞர், வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தன் கையாலேயே படம் வரைந்து சிறு புத்தகங்களாக வெளியிட்டார். செலவு பிடிக்கும் வழக்கமான முறை, சிக்கனமான மாற்று முறை இரண்டையும் படமாகவே விளக்கினார். செங்கலைப் படுக்கப்போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் சுமார் 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். இதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டு அவர் சம்பாதித்திருக்கலாம். கொத்தனாரும் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி வரைந்து கொடுத்தார்.

பிறகு ஏன் நாம் தயங்குகிறோம்? கையால் செய்கிற வேலை படிக்காதவர்களுடையது என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. கோணலாக வந்ததைக் காட்டினால் சிரிப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கிறது. எல்லோரும் தாங்களே செய்துகொண்டால் ஆசாரியின் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு பலகையை நேராக இழைக்க முயன்று தோற்றவர் ஆசாரியிடம் கூலிக்குப் பேரம் பேச மாட்டார். இழைப்புளி பிடித்த கைக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அளவும் பிழையும் இல்லாத பகிர்வில் ஆபத்தும் இருக்கிறது. சரக்குப் பெட்டிகளின் அடியில் வரும் பேலட் பலகைகளில் சோபா, கட்டில் செய்வது இப்போது பரவலாகிவிட்டது. அந்தப் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரலாம். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும், புதிதாக வெல்டிங் மெஷின் வாங்கியவருக்குத் தெரியாது. 230 வோல்ட் மின்சாரம் ஓடும் எதையும் படத்தைப் பார்த்து மட்டும் செய்யவே கூடாது. இந்த எச்சரிக்கைகள் செய்முறையின் கடைசி வரியில் அல்ல, முதல் வரியில் வர வேண்டும்.

இப்படிப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-லிருந்து புத்தகத்தோடு கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் மார்டின் போஸ்ட்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’யில் பழுதான பொருளோடு வருபவரும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியாகவே சொத்துவரியோடு சேர்த்து நாம் நூலக வரி கட்டுகிறோம். ஒரு டிரில்லிங் மெஷின், ரசமட்டம், மூலமட்டம், நல்ல ரம்பம் ஆகியவற்றை ஒவ்வொரு மாவட்ட நூலகமும் இரவல் கொடுக்க முடியும். ஐடிஐ பட்டறைகளை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். அங்கே ஓய்வுபெற்ற ஆசாரியையோ ஃபிட்டரையோ சம்பளம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும்.

கருவிகளுக்குப் பக்கத்தில் ஒரு கனமான நோட்டும் இருக்கட்டும். இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரும்போது, செய்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டும். மொட்டை மாடி பெஞ்சுக்காரர் அதில் இப்படி எழுதுவார்: நீளம் 4 அடி, அகலம் 14 இன்ச், உயரம் 17 இன்ச். ஒரு இன்ச் பலகை, இரண்டு இன்ச் ஸ்க்ரூ. முதல் பலகை ஓரத்தில் பிளந்துவிட்டது. ஸ்க்ரூ போடும் முன் சிறிய பிட்டால் துளை போட்ட பிறகு பிளக்கவில்லை. கால் ஆடியது, குறுக்கே சாய்வாகக் கட்டை அடித்ததும் நின்றது. மழை படும் இடம் என்பதால் காலுக்கு அடியில் ரப்பர் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அடுத்த முறை செய்பவர் வைக்கவும்.