மருமகனின் இ-சிகரெட்டும் என் பொட்டியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஹால் சோபாவில் என் ஆபீஸ் லேப்டாப். அதன் ஓரத்தில் கம்பளிக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். கம்பளியைத் தூக்கினால், குண்டுப் பேனா மாதிரி ஒரு சாமான் யூ.எஸ்.பி. வயரில் தொங்கிக்கொண்டு சார்ஜ் ஆகிறது. தொட்டால் வெதுவெதுப்பு. இ-சிகரெட்!

ஆள் யாரென்று துப்பறிய வேண்டிய அவசியமில்லை. அக்கா பையன். வெதுருகுப்பத்திலிருந்து இங்கிலாந்துக்கு எம்.எஸ்.சி. படிக்க வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். (வெதுருகுப்பம் எங்கே என்பவர்களுக்கு: ஆந்திராவில், சித்தூர் பக்கம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசப்படி தாண்டினால் தெலுங்கு.)

காலையில் காபியோடு விசாரணை. "அடாப்டர்ல ரெண்டு ஆம்ப் வரும், வெடிச்சிடும்னு பசங்க சொன்னாங்க மாமா. கம்ப்யூட்டர்ல போட்டா சேஃப்" என்றான். இருபது வருஷமாக சர்க்யூட் போர்டோடு குடித்தனம் நடத்துபவனிடம் சொல்கிற பதிலா இது? :-)

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஒரே வரி: இல்லை, நிகோடின் நிகோடின்தான். நான் சொல்ல வந்தது சார்ஜ் சமாச்சாரம்.

அடாப்டரில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது அவ்வளவையும் பிடித்துத் தள்ளும் என்று அர்த்தமில்லை. ஊரில் மாடித் தொட்டி ரெண்டாயிரம் லிட்டர் என்பதற்காகக் குழாயில் அத்தனையுமா கொட்டுகிறது? திறக்கிற அளவுக்குத்தான் வரும். கருவி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் அடாப்டர் கொடுக்கும். கவனிக்க வேண்டியது தொட்டியின் உயரம், அதாவது வோல்ட். சாதாரண யூ.எஸ்.பி.யில் 5 வோல்ட் வரும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியோ 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் வம்பு. நிரம்பியதும் குழாயை மூட நடுவில் ஒரு காவல்காரன் வேண்டும். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் முழு விஷயமும்.

கருவியிலேயே சார்ஜ் பண்ணும் ஓட்டை இருந்தால் காவல்காரனும் உள்ளேயே இருப்பான். பேட்டரியைத் திருகி மாட்டுகிற பழைய பேனா மாடல்களில் அவன் சார்ஜர் துண்டுக்குள் இருப்பான். அந்தத் திருகுமரை பல கம்பெனிகளுக்கும் ஒரே அளவு. ஆகவே யாரோ ஒருத்தனின் சார்ஜர் இன்னொருத்தனின் பேட்டரிக்கு அழகாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று மாட்டினால், காவல்காரன் இல்லாமல் 5 வோல்ட் நேராகப் போய் இறங்கவும் வாய்ப்பிருக்கிறது. அது கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் என்ன, சுவரிலிருந்து வந்தால் என்ன?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014-ல் ஓர் அறிக்கை போட்டது. 2009-லிருந்து செய்திகளில் வந்த 25 சம்பவங்களில் 20, சார்ஜில் இருந்தபோது நடந்தவை. 2017-ல் வந்த அடுத்த அறிக்கையில் சம்பவங்கள் 195. அதில் சார்ஜில் இருந்தபோது 48, பாக்கெட்டில் இருந்தபோது 61. குழாய் மாதிரி உடம்பு என்பதால், உள்ளே அழுத்தம் ஏறினால் பலவீனமான நுனி பிய்த்துக்கொண்டு ராக்கெட்டாகப் பறக்குமாம்.

கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யூ.எஸ்.பி. 2.0 என்றால் 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900 என்பது கணக்கு. ரொம்ப இழுத்தால் பெரும்பாலும் போர்ட்டே வெட்டிவிடும். ஆனால் பேட்டரிக்கு மேல் கம்பளி போர்த்தியிருக்கிறதா என்று அது பார்க்காது.

சுவர் அடாப்டரில் என் பயம் ஆம்பியரைப் பற்றியதே அல்ல, போலியைப் பற்றியது. 230 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் உள்ளே இடைவெளியும் காப்பும் சரியாக இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். 2016-ல் யூ.எல். நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி அடாப்டர்களைச் சோதித்தது. தேறியவை மூன்று! மின்சாரம் கசிந்து வந்து சேரும் இடம், வாயில் வைக்கிற உலோகச் சாமான். நல்ல கம்பெனி போன் அடாப்டர் போதும். ஊரில் வாங்கினால் பி.ஐ.எஸ். முத்திரை பாருங்கள். லேப்டாப்போடு வந்த பெரிய டைப்-சி சார்ஜரும் கருவி கேட்காதவரை 5 வோல்ட்தான் தரும், பயம் வேண்டாம்.

நிற்க. இங்கே ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் வேப்களின் விற்பனைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை. இனி எல்லாம் சார்ஜ் பண்ணுகிற ரகம்தான். அதாவது நம் வீட்டு பிளக்குகளில் இது இன்னும் அதிகமாகத் தொங்கும். நம் வீடுகளில் எங்கே தொங்கும்? கட்டிலுக்கு அடியில், போர்வைக்குள், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு. நாம் போடுகிற சத்தத்துக்குப் பயந்து பிள்ளைகள் ஒளித்து வைப்பதால், நெருப்புக்கு மிக வசதியான இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே என் வீட்டில் சட்டம் போட்டேன்: சமையலறை மேடையில், பீங்கான் தட்டின் மேல், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் பேட்டரி இல்லாமலே பற்றிக்கொண்டிருக்கும். "நீங்களே வசதி பண்ணிக் கொடுக்கறீங்களா?" நியாயமான கேள்விதான். விட்டுவிடு என்று தினமும் சொல்கிறேன். விடும் வரைக்கும் வீடு எரியக்கூடாதல்லவா?

அடுத்து, மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறான். விமானத்தில் இதைப் பெட்டியில் போடக்கூடாது, கையில்தான் வைக்கவேண்டும், சார்ஜ் போடக்கூடாது என்று அவனே எனக்குப் பாடம் எடுத்தான். சரி, இறங்குகிற இடத்தில்? இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் கொண்டுவந்தது கொண்டுவந்ததுதான். முகம் சுருங்கிப்போய்விட்டது பையனுக்கு.

கிளம்பும்போது என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போவதாக ஒப்பந்தம். நேற்று அக்கா போன் பண்ணி, "தம்பி, பையன் ஒழுங்கா இருக்கானா?" என்றாள். "நல்லா சாப்பிடறான் அக்கா" என்றேன்.